போர் நடந்த நாட்டில் இளைஞர் இயக்கத்தால் ஏதாவது நடக்குமா?

"உள்நாட்டுப் போரில் நொந்த நாடுகளில் இளைஞர்கள் கூடி, ஜனநாயகம் வேண்டும், பதில் சொல் என்று அரசைக் கேட்கிறார்களே, அதனால் ஏதாவது நடக்கிறதா, இல்லை கைதாவதோடு சரியா?" என்பது கேள்வி.

நடக்கிறது. ஆனால் போரை நிறுத்திவிடுவார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எனக்குத் தெரிந்த உதாரணம் லூச்சா ('மாற்றத்துக்கான போராட்டம்' என்ற பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம்). 2012-இல் கிழக்கு காங்கோவின் கோமா நகரில் தொடங்கிய இயக்கம். வேலை நிமித்தமாக நான் அந்த ஊரில் சில காலம் இருந்திருக்கிறேன்.

கோமா, கிவு ஏரிக்கரையில் இருக்கிறது. கண்ணெதிரே கடல் மாதிரி தண்ணீர், குழாயைத் திறந்தால் வெறும் காற்று. விடிந்ததும் பெண்களும் பிள்ளைகளும் மஞ்சள் கேன்களோடு ஏரிக்குப் போவார்கள். வசதி இருந்தால் சுக்குடுவில் ஏற்றிவரச் சொல்லலாம். சக்கரம் உட்படப் பெரும்பாலும் மரத்தில் செய்த தள்ளுவண்டி அது. எரிமலைக் குழம்பு இறுகிய கரடுமுரடான தெருவில், கேன்களைக் கட்டி மூச்சு வாங்கத் தள்ளுவார்கள்.

லூச்சா பையன்களும் பெண்களும் கையில் எடுத்தது இந்தத் தண்ணீரைத்தான். அப்புறம் வேலையில்லாத் திண்டாட்டம், சாலை. 'சமாதானம் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் எந்த அமைச்சரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். என்னைக் கேட்டால் அவர்களுடைய கெட்டிக்காரத்தனமே அதுதான்.

இன்னொன்று பணம். கோமாவில் தடுக்கி விழுந்தால் ஒரு தொண்டு நிறுவனத்தின் வெள்ளை ஜீப் மேல்தான் விழ வேண்டும். அங்கே ஒரு இளைஞன் சங்கம் ஆரம்பித்தால், 'எந்த வெளிநாட்டுக் காசு?' என்பதுதான் ஊர் கேட்கும் முதல் கேள்வி. இவர்கள் தலைவர் என்று யாரையும் வைத்துக்கொள்ளவில்லை, கைக்காசைப் போட்டே செலவு செய்தார்கள். தெருவைக் கூட்டினார்கள், மனு கொடுத்தார்கள், போலீஸ் வந்தால் ஓடாமல் தரையில் உட்கார்ந்தார்கள். ஐ.நா. அமைதிப்படை (நம் இந்திய ராணுவத்தினரும் அதில் உண்டு) இருக்கும்போதே 2012 நவம்பரில் எம்23 கிளர்ச்சிப்படை பிடித்த ஊர் அது. துப்பாக்கி வைத்திருப்பவன் சொல்வதே சட்டம் என்றிருந்த இடத்தில் வெறுங்கையோடு உட்காருவது சாதாரண விஷயமில்லை.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். 2015 மார்ச்சில் தலைநகர் கின்ஷாசாவில் நடந்த ஓர் இளைஞர் கூட்டத்தில் கைதான லூச்சாக்காரர் ஃப்ரெட் பௌமா 2016 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார். அதிபர் கபிலாவின் பதவிக்காலம் 2016 டிசம்பரில் முடிய வேண்டும், அவரோ தேர்தலை இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு பிப்ரவரி 16 அன்று நாடு தழுவிய கடையடைப்பு. அதற்காகப் பதாகை எழுதிக்கொண்டிருந்த ஆறு பேரை விடிவதற்கு முன்பே பிடித்துப்போனார்கள். காங்கோ அப்போதுதான் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பை ஒன்றை வென்றிருந்தது. சேர்ந்து கோப்பையை வென்றோம், ஜனநாயகத்தையும் வெல்வோம் என்ற பொருளில் எழுதிய பதாகை. இதுதான் கலகத்துக்குத் தூண்டிய குற்றம்! ஆறு மாதம் சிறை. அந்த ஆறு பேரில் ஒருவரான ரெபெக்கா கபூகோவுக்கு அப்போது 22 வயது. இயக்கத்தின் முக்கிய முகமான லுக் ன்குலூலா 2018 ஜூனில் வீடு தீப்பிடித்து இறந்தார். அது விபத்துதானா என்று தோழர்கள் சந்தேகம் எழுப்பினார்கள்.

கடைசியில் 2018 டிசம்பர் தேர்தலில் கபிலா நிற்கவில்லை. இதை லூச்சா மட்டுமே சாதித்தது என்று சொன்னால் அது மிகை. கத்தோலிக்கத் திருச்சபையின் ஊர்வலங்களும் வெளிநாட்டு அழுத்தமும் சேர்ந்துதான் அவரை நகர்த்தின. அந்தத் தேர்தல் முடிவே சர்ச்சைக்குள்ளானது வேறு கதை. புதிய அதிபர் சிசெகெடி வந்த பிறகும் கைதுகள் நிற்கவில்லை. 2021 மே மாதம் கிழக்கு மாகாணங்களில் ராணுவ ஆட்சி வந்தது. அதை எதிர்த்து ஊர்வலம் போன லூச்சாக்காரர்களுக்கு 2022 ஏப்ரலில் பேனி நகர ராணுவ நீதிமன்றம் ஓராண்டு தண்டனை கொடுத்தது. 2025 ஜனவரியில் எம்23 மறுபடியும் கோமாவைப் பிடித்தது.

அப்படியானால் என்னதான் மாறியது? 'அரசாங்கம் தண்ணீர் தர வேண்டும், தராவிட்டால் கேட்கலாம்' என்பது அந்த ஊரில் ஒரு தலைமுறைக்குப் பழகிப்போனது. கோமாவில் கூடிய சிலர் ஆரம்பித்தது பல நகரங்களுக்குப் பரவியது. தலைவர் இல்லாததால் யாரை விலைக்கு வாங்குவது என்று ஆட்சியாளர்களுக்குத் தெரியவில்லை. அதே காரணத்தால், தேர்தல் அரசியலில் நேரடியாக இறங்கி எதையும் கைப்பற்றவும் அவர்களால் முடியவில்லை. இது இரண்டும் சேர்ந்தே வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.