கேள்வி – பதில்: வசனமில்லாப் படமும் வெளிறிய திரையும்

கேள்வி: மௌனப்பட பாணியில் அண்மையில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் பரிசோதனைப் படத்தை எங்கள் வாசிகசாலையில் மல்ரிமீடியாவில் (புரொஜெக்ரரில்) போட்டோம். வசனமில்லை, இடைக்கிடை ஆங்கில எழுத்து அட்டைகள் மட்டும். கால் மணித்தியாலத்தில் பாதிச் சனம் எழும்பிப் போய்விட்டது. இப்படியான படத்தை எப்படிப் பார்ப்பது?
– வாசகர், மல்லாவி

பதில்: சனத்தைக் குறை சொல்ல முதல், எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று பாருங்கள். மல்ரிமீடியாவால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சம் படாத இடந்தான் திரையில் கறுப்பு. யன்னலால் வரும் வெளிச்சம் பட்டால் இருட்டுக் காட்சியெல்லாம் சாம்பலாகிவிடும், முகமே தெரியாது. வன்னியில் ஆறு, ஆறரைக்குப் பொழுதுபடும். ஏழரைக்கு முன் தொடங்க வேண்டாம். திரையாகக் கட்டும் பெட்சீற் ஒற்றையாக இருந்தால் வெளிச்சத்தைப் பின்னுக்கு விட்டுவிடும், இரண்டாக மடித்துக் கட்டுங்கள். காற்றுக்கு ஆடாமல் கீழ் விளிம்பில் ஒரு தடியைக் கோத்துவிடுங்கள்.

மௌனப்படச் சட்டகத்தின் அகல உயர விகிதம் ஏறக்குறைய 4:3. அகலத்தை நிரப்ப இழுத்தால் முகங்கள் சப்பளிந்துவிடும்; கணினியில் படம் ஓட்டும் விஎல்சி (VLC) செயலியில் ‘ஏ’ (A) விசையால் திருத்தலாம். மல்ரிமீடியாவை ‘சினிமா’ முறையில் வையுங்கள். ஷார்ப்னெஸைக் கூட்டினால் படச்சுருளின் மணிமணியான தன்மை லைற்றில் ஈசல் மொய்த்தமாதிரி ஆகிவிடும்.

அட்டைகளைப் பின்னாலிருந்து ஒருவர் தமிழில் வாசிக்கட்டும். யப்பானில் ‘பென்ஷி’ எனப்பட்டவர்கள் மௌனப்படத்துக்குக் குரல் கொடுப்பதைத் தொழிலாகவே செய்தார்கள். ஆனால் அவர்களைப்போல விளக்கம் சொல்லப் போகாமல் அட்டையில் உள்ளதோடு நிறுத்துங்கள். சத்தமில்லாத இடத்தைச் சினிமாப் பாட்டால் நிரப்பவும் வேண்டாம்.

இவ்வளவையும் சரிக்கட்டிய பிறகு மிஞ்சுவதுதான் படத்தின் உண்மையான கடினம். அங்கே கதையைத் துரத்தாதீர்கள். ஒரு காட்சி அடுத்ததோடு எதனால் ஒட்டுகிறது என்று பாருங்கள். சோவியத் இயக்குநர் சீகா வேர்த்தொவ் 1929இல் வெளியிட்ட ‘கமராவுடன் ஒரு மனிதன்’ படத்தில் ஒரு பெண் கண் சிமிட்டுவாள். அதோடு மாறி மாறி யன்னல் மறைப்பின் தட்டுகள் திறந்து மூடும். அங்கே காரணகாரியம் இல்லை, அசைவு ஒன்றுதான். அதைக் கண் பிடித்துவிட்டால் அடுத்த வெட்டுக்கு மனம் தானாகக் காத்திருக்கும்.

கேள்வி: பழைய மௌனப்படங்களில் ஆட்கள் ஏன் விறுக்கு விறுக்கென்று ஓடுகிறார்கள்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: கமராவைக் கையால் சுற்றி எடுத்த காலத்தில் நொடிக்கு 16, 18 சட்டகம் என்று பதிவானவை பல. ஒலி வந்தபின் 24 நிலையானது. 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் 90 நிமிடப் படம் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். விஎல்சியில் வேகத்தை 0.67 ஆக்கினால் நடை சரிவரும். புதிய படத்தில் அந்த ஓட்டம் வேண்டுமென்றே வைத்ததாக இருக்கலாம், கைவைக்காதீர்கள். இப்படியான படங்களில் வெளிச்சம் வெட்டி வெட்டி மினுங்கினால் சிலருக்கு வலிப்பு வரக்கூடும். அதைத் தொடங்க முதல் சொல்லிவிடுங்கள்.