ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஏன் யாரும் வரவில்லை?

ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில் மதியச் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறீர்கள், வேலைக்கு ஆறு பேர், சம்பளமெல்லாம் ஒழுங்காகப் போகிறது, ஆனால் கடை "இழவு வீடு மாதிரி இருக்கிறது, ஆட்களை எப்படிச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது" என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி விருந்துக்குக் கூப்பிட்டும் ஒருத்தர்தான் வந்தார் என்ற வருத்தம் வேறு. தம்பி, அவர்களுக்கு உங்கள் மேல் ஒரு கோபமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுடையது, அவ்வளவுதான்.

நம் ஊரில் முதலாளி கூப்பிட்டுப் போகாவிட்டால் மரியாதைக் குறைவு. இங்கே லீவு நாளில் முதலாளி கூப்பிட்டால், பிரியாணியே ஆனாலும், அது சம்பளமில்லாத ஷிஃப்ட். ஸ்வீடனில் வேலையிடத்துக் கலகலப்பு வேலை நேரத்துக்குள்தான் நடக்க வேண்டும். அதற்கு இந்த நாட்டுக்காரர்களே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்: ஃபீக்கா. காபி, கூட ஒரு பன், ஒரு பதினைந்து நிமிடம், எல்லோரும் உட்கார்ந்து. உங்கள் கடையிலும் காபி இருக்கும். ஆளுக்கொரு கப்பை எடுத்துக்கொண்டு பின்வாசலில் நின்று போனைப் பார்ப்பார்கள். அது கணக்கில் சேராது. பதினொரு மணிக்குக் கூட்டம் தொடங்கும் முன் ஒன்று, இரண்டு மணிக்கு மேல் கூட்டம் வடிந்ததும் ஒன்று என்று நேரம் குறித்துவிடுங்கள். முக்கியமாக, நீங்களும் உட்காருங்கள். கல்லாவில் நின்றபடியே "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றால் யாருக்கும் பன் இறங்காது. அந்த நேரத்தில் நாளைய ஆர்டரையும் கெட்டுப்போன ஓவனையும் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.

என் கடையில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பலகாரம் யார் முறை என்று பெயர் வரிசை. என் பெயரும் நடுவில் எங்கேயோ இருக்கும். காசு கடையுடையது. போலந்துக்கார அம்மா ஆப்பிள் கேக் கொண்டுவருவார். பாத்திரம் கழுவுகிற சோமாலியப் பையன் வாயே திறக்க மாட்டான். அவன் முறை வந்தபோது சம்பூசா கொண்டுவந்தான், உள்ளே கறி, மேலே எலுமிச்சை பிழிந்து. நம் சமோசாவும் இதுவும் ஒன்றுதானே என்று நான் ஒரு வார்த்தை சொல்லப்போக, சண்டைக்கே வந்துவிட்டான். எங்களுக்கு மாவை மெல்லிசாகத் தேய்க்கத் தெரியவில்லையாம்! அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. சாக்கு வேண்டுமென்றால் காலண்டரிலேயே இருக்கிறது: கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை செம்லா என்ற கிரீம் பன், அக்டோபர் 4 பட்டை பன், டிசம்பர் 13 லூசியா திருநாளுக்குக் குங்குமப்பூ பன். யாருக்குப் பால் ஒத்துக்காது, யார் முட்டை தொடமாட்டார்கள் என்று மட்டும் முதலிலேயே கேட்டுவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காபிக்கும் பன்னுக்கும் வரி இல்லை. ஆனால் நம் கைப்பழக்கம், வேலை செய்கிறவர்களுக்கு மதியச் சோறு சும்மா போட்டுவிடுவோம். இங்கே அதுவும் சம்பளத்தோடு சேர்த்தி. அவர்களுக்கு வருமான வரி, உங்களுக்கு அதன் மேல் 31.42% முதலாளி கட்டணம். சாப்பாட்டுக்கு வரித்துறை வைத்திருக்கும் மதிப்பை வரி போன சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் தொல்லை இல்லை. உங்கள் கணக்காளரிடம் இந்த வாரமே பேசுங்கள். ஜிம், நீச்சல், மசாஜ் என்று ஆளுக்கு வருடம் 5000 குரோனா வரை வரியில்லாமல் கொடுக்கலாம், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி.

அப்புறம் ஷிஃப்ட் பட்டியல். இதைச் சந்தோஷத்தோடு யாரும் சேர்ப்பதில்லை; நான் இதைத்தான் முதலில் வைப்பேன். வேலை நேரத்தை இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா" என்று வாட்ஸ்அப் போட்டுவிட்டு, காலையில் கேக் வைத்தால் யார் சிரிப்பார்கள்? சாயங்காலம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூப்பிடப் போகிறவரை ஐந்து நிமிடம்கூட நிறுத்தாதீர்கள்.

வெளியே கூட்டிப்போக ஆசையென்றால், ஜூனில் ஒரு வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கே கடையைச் சாத்துங்கள். மணி ஓடட்டும், சம்பளம் உண்டு. டிராமில் சால்ட்ஹோல்மன், அங்கிருந்து படகில் ஸ்டீர்சோ தீவு. நகரப் பயணச்சீட்டே படகுக்கும் செல்லும். தீவில் கார்த் தொல்லை இல்லை. கரி அடுப்பு ஒன்று கையில் இருந்தால் போதும். குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், குடிக்காதவர்களுக்கும் நல்லதாக ஏதாவது வாங்குங்கள், வெறும் கோக் போதாது. "இந்த மாதத்துச் சிறந்த பணியாளர்" என்று ஒருத்தர் படத்தை மட்டும் சுவரில் மாட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். படத்தில் இருப்பவரே கூச்சத்தில் நெளிவார்.

கடைசியாக, ஜூலையில் லீவு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வருடத்துக்கு 25 நாள் அவர்கள் உரிமை. ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் தொடர்ச்சியாக நான்கு வாரம் எடுக்கலாம். ஜூலையில் ஆபீஸ்களெல்லாம் காலி, மதியச் சாப்பாட்டுக்கு யார் வருவார்கள்? நீங்களும் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய் வாருங்கள். தேதியை இரண்டு மாதம் முன்னால் சொன்னால் சட்டத்துக்குப் போதும், ஆனால் பிப்ரவரியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அவர்களும் டிக்கெட் போட வேண்டாமா?