புளூடூத் டேக் காட்டும் தூரம் தாவிக்கொண்டே இருந்தால்

பொருளைத் தேட உதவும் புளூடூத் டேக் மாட்டிய சாவி மேஜையிலேயே கிடக்க, ஆப் 2 மீட்டர், 7 மீட்டர் என்று மாற்றி மாற்றிக் காட்டுவது டேக்கின் கோளாறு அல்ல. ஆப் தூரத்தை அளக்கவே இல்லை; சிக்னல் பலத்தை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான்.

பெரும்பாலும் குறுக்கே நிற்பது நீங்கள்தான். உடம்பிலுள்ள நீர் புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கிவிடும். அருகிலுள்ள புளூடூத் கருவிகளின் சிக்னலைக் காட்டும் என்ஆர்எஃப் கனெக்ட் ஆப்பில் டேக்கின் டிபிஎம் எண்ணைப் பாருங்கள்; அதுதான் சிக்னல் பலம், எண் இறங்கினால் பலம் குறைகிறது. அப்புறம் போனை நெஞ்சோடு பிடித்தபடி டேக்குக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். நின்ற இடத்திலேயே -60 என்பது -70, -75 என்று இறங்கலாம். ஆப் அதைத்தான் ‘தள்ளிப் போய்விட்டது’ என்று எடுத்துக்கொள்கிறது.

சென்டிமீட்டர் கணக்கில் வேண்டுமென்றால் அல்ட்ரா வைடுபேண்ட் டேக்தான் சரி. அது அலை போய்வரும் நேரத்தை அளக்கிறது. ஒரு நானோவினாடியில் அலை 30 செ.மீ. ஓடிவிடும், அதனால் அதை அளக்கும் கடிகாரம் அவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் போனிலும் அந்தச் சிப் இருக்க வேண்டும். இரும்பு அலமாரிக்குள் சாவி இருந்தால் அதுவும் தடுமாறும்.