நிமோனியா குணமாக எத்தனை நாள் ஆகும்?

பாம்பன், மண்டபம் பக்கம் காய்ச்சல் விட்ட மறுநாளே கடலுக்குப் போக நினைப்பவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம்.

நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றுப் பைகளில் கிருமி புகுந்து, சளியும் நீரும் நிறைவதே நிமோனியா. அதனால்தான் மூச்சு வாங்குகிறது. பாக்டீரியாவால் வந்திருந்தால் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். லேசானதற்குப் பெரும்பாலும் 5 முதல் 7 நாள் அந்த மருந்து சாப்பிட வேண்டும். வைரஸால் வந்ததற்கு ஆன்டிபயாடிக் பலிக்காது.

நாட்டுப்படகின் ஓட்டையை அடைத்த பிறகும், உள்ளே ஏறிய தண்ணீரை இறைத்துத்தானே ஆகவேண்டும்? மருந்து ஓட்டையை அடைக்கிறது. இறைப்பது உடம்பின் வேலை, அது மெதுவாகத்தான் நடக்கும். காய்ச்சல் ஒரு வாரத்தில் விடும். இருமல் அடங்க 6 வாரம்கூட ஆகலாம், அசதி 3 மாதம்வரைகூட இழுக்கலாம். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல். மூச்சுத்திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இருமல் நீடித்தாலே மருந்து கேட்கவில்லை என்று எண்ணி, கடையில் நீங்களாக வேறு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள்.