ஈரான் படத்துக்கு நம் பிள்ளைகள் தமிழில் குரல் கொடுக்கட்டும்

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் எங்கள் சமூக மன்றத்தில் சிறுவர் திரைப்பட விழா நடத்தப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஈரான் படம், ஜெர்மன் படம் என்று ஒரு பட்டியல். நம் பிள்ளைகளுக்குத் தமிழே தடுமாறுகிறது, இதெல்லாம் எதற்கு? நல்ல தமிழ்ப் படமாக இரண்டு போட்டால் போதாதா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: போடலாம். எதைப் போடுவீர்கள்? எட்டு வயதுப் பிள்ளைக்கென்றே எடுத்த தமிழ்ப் படங்களை எண்ணிப் பாருங்கள். 'காக்கா முட்டை' சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது வாங்கியது, இன்னும் சில உண்டு, அதோடு பட்டியல் முடிந்துவிடும். மற்றவை பெரியவர்களுக்கு எடுத்தவை, பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளும் பார்க்கிறார்கள். 'ஜி' சான்றிதழ் இருக்கிறதே என்று குழுவில் யாராவது சொல்வார்கள். பிள்ளைகளுக்கு ஆகாதது படத்தில் இல்லை என்பதற்குத்தான் அந்தச் சான்றிதழ், அவர்களுக்குப் பிடித்த கதை உள்ளே இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

வெளிநாட்டுக் கதை ஒட்டாது என்ற பயமே வேண்டாம். ஒரே ஜோடிக் காலணியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடும் கதையை ஈரானில் மஜித் மஜிதி 1997ல் எடுத்தார். அதையே 2003ல் ஜேக் நியோ 1965ஆம் ஆண்டுச் சிங்கப்பூர்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், நடப்பதாக எடுத்தார், 2022ல் தமிழிலும் வந்துவிட்டது. மூன்று ஊருக்கும் பொருந்திய கதை உட்லண்ட்ஸ் பிள்ளைக்குப் பொருந்தாமல் போகுமா?

ஆனால் மொழியைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது முழுக்க நியாயம். சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2010ல் 36.7 விழுக்காடு, 2020 கணக்கெடுப்பில் 27.9. இந்த நிலையில் ஆங்கில வசன வரியோடு படத்தை ஓட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனால் அன்று அரங்கில் தமிழுக்கு இடமே இருக்காது, நீங்கள் சண்டை போட வேண்டியது அதற்காகத்தான். பெர்லின் திரைப்பட விழாவின் சிறுவர் பிரிவில் படம் ஓடும்போதே ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து வசனத்தை ஜெர்மன் மொழியில் பேசுவார், எழுத்துக்கூட்டி வாசிக்கும் வயதுப் பிள்ளைக்கும் கதை புரிந்துவிடும். அதை இங்கே தமிழில் செய்யலாமே! நாடகம், விவாதம் என்று மேடையேறிப் பழகிய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வசனத்தை முன்கூட்டியே மொழிபெயர்த்து, ஓர் ஆசிரியரோ நாடகக்காரரோ சில வாரம் ஒத்திகை பார்த்துக் கொடுத்தால் போதும். பேசும் மாணவருக்கும் தமிழ், கேட்கும் குட்டிகளுக்கும் தமிழ், அதுவும் தேர்வுக்குப் படிக்காத தமிழ்.

அப்புறம், இத்தாலியின் ஜிஃபோனியில் 1971 முதல் நடக்கும் விழாவில் பரிசுப் படத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் மன்றத்திலும் சிறப்புரையை எடுத்துவிட்டு அந்த அரைமணியைப் பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். யாரைப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று அவர்கள் தமிழில் பேசட்டும், நடுவில் ஆங்கிலம் கலந்தால் திருத்த வேண்டாம்.

குழுவில் இப்போதே சேர்ந்துவிடுங்கள். திரையிடும் உரிமைக்கும் 'ஜி' போன்ற வயது வகைப்பாட்டுக்கும் விண்ணப்பிக்க நாள் பிடிக்கும், தமிழ் வசனத்தையும் அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.