கேளுங்கள், சொல்கிறோம்: ‘படியில் வழுக்கி விழுந்தேன்’

கேள்வி: போன மாதம் மாமா அடித்ததில் அக்காவின் இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் அவர் பக்கத்திலேயே நின்றதால், ‘படியில் வழுக்கிட்டேன்’ என்று சொல்லிவிட்டாள். பிறகு மகளிர் காவல் நிலையம் போனோம். ‘பிள்ளைங்க முகத்தைப் பார்த்து அனுசரிச்சுப் போம்மா’ என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இனி எங்கே போவது?
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: தம்பி, முதலில் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு. அவசரப் பிரிவில் டாக்டர் ‘எப்படி அடிபட்டது?’ என்று கேட்டு, சொல்வதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார், ‘ஏ.ஆர். காப்பி’ என்பார்களே அதுதான். நாளைக்குக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டப்போவதும் அந்த ஒரு வரியைத்தான். அதற்காக எல்லாம் போய்விட்டது என்று உட்கார வேண்டாம், எக்ஸ்ரே இருக்கிறது, ஏன் அப்படிச் சொன்னாள் என்பதையும் புகாரிலேயே எழுதலாம். இன்னொரு முறை அடிபட்டால் (படக்கூடாது) கணவரை வெளியே நிறுத்திவிட்டு டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

அடுத்து, நீங்கள் தட்டாத கதவு ஒன்று இருக்கிறது. நம் ஊரில் அடிதடி என்றாலே போலீஸ்தான் என்று ஓடுகிறோம். ஆனால் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவரை வைத்திருக்கிறது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். அக்கா சொல்வதை அவர் ‘டி.ஐ.ஆர்.’ என்னும் குடும்ப நிகழ்வு அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும், ஒரு பைசா கட்ட வேண்டாம். அக்காவால் வர முடியாவிட்டால் நீங்களே தகவல் சொல்லலாம். அடிக்கக்கூடாது என்ற உத்தரவு, செலவுக்குப் பணம், பிள்ளைகள் யாரிடம் என்பது எல்லாம் அந்த ஒரே மனுவில் கேட்கலாம், அவசரமென்றால் இடைக்கால உத்தரவும் உண்டு. உத்தரவை மீறி மறுபடி கையை ஓங்கினால் ஓராண்டு வரை சிறை. மூன்று நாளில் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தாதான், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம், பெண் என்றால் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் கொடுக்கும். ராத்திரியில் வீட்டை விட்டு இறங்க வேண்டி வந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள். சில நாள் தங்க, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையமும் இருக்கிறது.

மகளிர் காவல் நிலையத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 1992இல் தமிழ்நாட்டின் முதல் மகளிர் நிலையத்தைச் சென்னை ஆயிரம் விளக்கில் திறந்தபோது, பெண்கள் கூசாமல் பேசத்தான் திறந்தார்கள். ஆனால் உடைந்த கைக்கு ‘அனுசரிச்சுப் போ’ என்பது மருந்தாகுமா? சேர்ந்து வாழச் சொல்லிக் கட்டாயப்படுத்த எந்தக் காவல் நிலையத்துக்கும் அதிகாரம் இல்லை. அங்கே மறுபடி போவதானால் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

கேள்வி: வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. ‘வெளியே போடி’ என்றால் போய்த்தான் ஆக வேண்டுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால், கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வீடு உங்களுக்குச் சொந்தமாகிவிடாது, ஆனால் கோர்ட் உத்தரவு இல்லாமல் பெட்டியைத் தெருவில் வைக்க முடியாது.

கேள்வி: பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணை, எப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று தனியார் மருத்துவமனை திருப்பி அனுப்பலாமா?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: கூடாதும்மா. அரசோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், போலீசுக்குச் சொல்வதும் அவர்கள் வேலை. மறுத்தால் அவர்கள் மேல் வழக்குப் போடலாம், ஓராண்டு வரை சிறை உண்டு. பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனை என்று யாராவது ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள், அது தடை செய்யப்பட்டது. கர்ப்பத் தடுப்புக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரக் கணக்கு இருப்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். முடிந்தால் குளிக்காமல் வரட்டும். மாற்றிய துணியை அலசாமல், பிளாஸ்டிக் கவரில் அல்ல, காகிதப் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.