மீற்றரா, மீட்டரா? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: மகனின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘கிலோமீற்றர்’. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் ‘கிலோமீட்டர்’. எது சரி? – வாசகி, கிளிநொச்சி

பதில்: ஆங்கிலேயரின் நாக்கு தொடும் இடத்தை வைத்துப் பார்த்தால் எங்கள் எழுத்துத்தான் கிட்ட. மெய்யொலிகளைப் பிரிக்க மூன்று விடயம் பார்ப்பார்கள்: மூச்சை எங்கே மறிக்கிறோம், எப்படி மறிக்கிறோம், தொண்டை அதிர்கிறதா. ‘பத்து, பற்று, பட்டு’ என்று, எழுத்துக்கு வாசிப்பதுபோல், மெதுவாகச் சொல்லுங்கள். மூன்றிலும் நடுவில் மூச்சு முழுதாக அடைபடுகிறது. அந்த நேரம் குரல்வளையில் விரல் வைத்தால் அதிர்வு இல்லை. மாறுவது இடம் மட்டும். பத்தில் நாநுனி மேற்பல்லில். பற்றில் பல்லுக்குப் பின்னாலுள்ள முரசு (ஈறு) மேட்டில். பட்டில் பின்னுக்கு வளைந்து அண்ணத்தில். ஆங்கிலச் சொல்லின் ஒலி அந்த நடு இடத்தில்தான் பிறக்கிறது. தமிழ்நாட்டில் பலர் ‘ற்ற’வை ‘ற்ர’போல உருட்டுவதால் அவர்களுக்கு ‘ட்ட’ தோதாகிறது. அதைப் பிழையென்று சொல்வது வீண் சண்டை.

க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன என்ற சோடிகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு சோடியும் ஒரே இடம். ஒன்றில் மூச்சு அடைபடும், மற்றதில் மூக்கால் போகும். தொல்காப்பியரும் ற, ன இரண்டையும் ஒரே நூற்பாவில்தான் பிறப்பித்தார்.

கேள்வி: நாக்கு எங்கே படுகிறது என்று கண்ணால் பார்க்க வழி உண்டா? – உயர்தர மாணவர், மாங்குளம்

பதில்: உண்டு. ஆய்வுகூடத்தில் கரித்தூளும் ஒலிவ் எண்ணெயும் சரிபாதி குழைத்து நாக்கில் பூசுவார்கள். வீட்டில் கொக்கோத் தூளைச் சிறிது தேங்காயெண்ணெயில் குழைத்தால் போதும். வாயைத் துடைத்து, நாநுனியில் பூசி, ஒரு சொல்லை ஒரே ஒரு தரம் சொல்லுங்கள். விழுங்காமல் வாயைத் திறந்து, தலையை அண்ணாந்து, கைபேசிக் கமராவால் அண்ணத்தைப் படமெடுங்கள். இரண்டு தரம் சொன்னாலோ எச்சில் விழுங்கினாலோ தடம் கலைந்துவிடும். ‘பட்டு’வுக்குத் தடமே விழாவிட்டால் பயப்பட வேண்டாம்: அதில் படுவது நாநுனியின் அடிப்பக்கமாக இருக்கலாம், அங்கேயும் பூசுங்கள். முதலெழுத்து ‘ப’ இதழில் பிறப்பதால் தடத்தைக் குழப்பாது. ‘கற்று’ என்று சொன்னால் பின்னண்ணத்திலும் நாக்கு முட்டும்.

கேள்வி: ஏ9 வீதிக் கடைப் பலகையில் ‘ரயர்’ (tyre), பக்கத்தில் ‘ரியூசன்’ (tuition). ஏன் ‘ர’? – வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ‘ற்ற’வின் ஒலி வேண்டும், ஆனால் றகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. அதனால் ரகரத்தை எழுதிவிட்டு, வாசிக்கும்போது நாக்கை முரசு மேட்டில் முட்டவிடுகிறோம்.